'வட்டி இல்லை' என்ற ஒரு சொல் போதுமா?



கடந்த மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின்னர், எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து அமர்ந்தார். வளைகுடாவில் நான்காண்டுகள் உழைத்துத் திரும்பியவர். "உஸ்தாத், ஒரு லட்சம் போட்டால் மாதம் மூவாயிரம் லாபம் தருகிறார்களாம். வட்டி கிடையாது, ஹலால்தான் என்கிறார்கள். போடலாமா?" என்று கேட்டார்.

உடனே விடை கூற எமக்கு நா எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே கேள்வியை வேறொரு மாணவர் கேட்டிருந்தார். அன்று நாம் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வட்டி உண்டா?" "இல்லை" என்றார். "அப்படியானால் தடையில்லை" என்றோம். சகோதரியின் திருமணத்திற்கென அவர் சேர்த்த பணம் அது. ஏழு மாதங்கள் தொகை வந்தது. எட்டாம் மாதம் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அவர் எம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அந்த மௌனம்தான் இந்தப் பொருள் பற்றிய வரலாற்றை மீண்டும் படிக்க எம்மைத் தூண்டியது.

ஸுபைர் (ரலி) அவர்களின் கணக்கு

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் தம் பணத்தைப் பாதுகாக்கக் கொண்டு வருவார்கள். அவர்களோ அதனை அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகத் தருமாறு கேட்பார்கள். இதன் நுட்பத்தை இளைஞர்கள் உணர வேண்டும். அமானிதப் பொருள், பாதுகாப்பவரின் கவனக்குறைவு இல்லாமலேயே தொலைந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. கடன் அப்படியன்று, எந்நிலையிலும் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். அதாவது, பிறர் பணத்திற்கான பொறுப்பு முழுவதையும் அவர்கள் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 36 இல் (கி.பி. 656) ஜமல் போரின் நாளில் அவர்கள் கொல்லப்பட்டபோது இருந்த கடன் 22 லட்சம் என்று புகாரி நூல் பதிவு செய்கிறது. கையிருப்பாகப் பணம் இல்லை. நிலங்களும் வீடுகளும் இருந்தன. ஒரு லட்சத்து எழுபதாயிரத்திற்கு வாங்கிய அல்ஃகாபா நிலத்தை, மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் 16 லட்சத்திற்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். வாரிசுகள் பங்கு கேட்டபோதும் அவசரப்படவில்லை. தம் தந்தையிடம் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வருமாறு நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் அறிவித்த பின்னரே சொத்தைப் பங்கிட்டார்கள்.

இங்கு மக்களைக் காத்தது ஸுபைர் (ரலி) அவர்களின் நற்பெயர் மட்டுமன்று. பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருந்தது. அதற்கு ஈடாக விற்கக்கூடிய சொத்து இருந்தது. திருப்பிக் கொடுக்க நேர்மையானவர் இருந்தார்.

நம் பாட்டனார் காலத்துப் பாடம்

இனி நமது மண்ணுக்கு வருவோம். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும் வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நமது தாலுகாக்கள் மலையாள நாட்டோடு சேர்ந்தே இருந்தன. எனவே திருவிதாங்கூரின் வங்கி வரலாறு நமது வரலாறும் ஆகும்.

1937 இல் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் கொல்லம் வங்கியும் ஒன்றாக இணைந்தன. பெரிய பெயர், பல ஊர்களில் கிளைகள், மதிப்புமிக்க குடும்பங்களின் நிர்வாகம். ஆயினும் 1938 ஜூன் மாதத்தில் அவ்வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதனை நடத்திய மாம்மன் மாப்பிள்ளையும் சி. பி. மாத்தனும் சிறை சென்றனர். திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகையே வங்கியை வீழ்த்தியது என்போர் உண்டு. நிர்வாகக் குறையே காரணம் என்போரும் உண்டு. எது காரணமாயினும், பணம் போட்ட எளியவருக்கு விளைவு ஒன்றே: நேற்று வரை உறுதியெனத் தோன்றிய கதவு இன்று மூடியிருந்தது.

1960 ஆகஸ்டில் கேரளத்தின் மிகப் பெரிய வங்கியான பாலா சென்ட்ரல் வங்கியும் மூடப்பட்டது. அந்த அதிர்ச்சியின் பின்னர் நாடாளுமன்றம் 1961 இல் வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. 1962 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை வங்கிப் பணத்திற்குக் காப்பீடு கிடைத்தது. இன்று அவ்வரம்பு 5 லட்சம் ரூபாய். வட்டியை நியாயப்படுத்த இதனை நாம் கூறவில்லை. வட்டி ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொதுமக்கள் இழந்த பின்னர்தான் "பணம் எப்படித் திரும்பும்?" என்ற கேள்வி சட்டமாயிற்று என்பதைக் கவனியுங்கள். தனியார் முதலீட்டுத் திட்டங்களுக்கு அந்தக் காப்பீடும் கிடையாது.

பெயர் மாறினால் பொருள் மாறுமா?

"அவை வட்டி வங்கிகள், ஆகவே வீழ்ந்தன" என்று சிலர் கூறலாம். 2019 ஜூன் மாதம் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் வீழ்ந்ததை அவர்கள் நினைவுகூரட்டும். ஹலால் முதலீடு என்ற பெயரில் பணம் திரட்டிய நிறுவனம் அது. இழந்தவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர், முறையிட்டோர் பல்லாயிரக்கணக்கானோர். மார்க்க அறிஞர்கள் சிலர் பரிந்துரைத்ததே மக்களை ஈர்த்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதனைப் படித்தபோது எமது பழைய பதில் நினைவுக்கு வந்து நெஞ்சைச் சுட்டது.

எமது பிழை எங்கே? பெயரைக் கேட்டோம், பொருளைக் கேட்கவில்லை. முளாரபா எனும் கூட்டு வணிகத்தில் லாபத்தை விகிதமாகத்தான் பேச வேண்டும். பாதி, மூன்றில் ஒரு பங்கு என்பது போல. நஷ்டம் வந்தால் முதல் போட்டவர் அதனை ஏற்க வேண்டும். "நஷ்டமே இல்லை, லட்சத்திற்கு மாதம் மூவாயிரம் உறுதி" என்றால் அது வணிக லாபமன்று; வேறு பெயரிட்ட வட்டி. அதுவே மோசடியின் அடையாளமாகவும் பெரும்பாலும் இருக்கிறது. மாதம் மூவாயிரம் என்றால் ஆண்டுக்கு 36 விழுக்காடு. வாடகை, கூலி, வரி எல்லாம் போக இதனை எந்தக் கடை தவறாமல் தருகிறது? ஃபிக்ஹுப் பாடத்தை நாம் சரியாகக் கேட்டிருந்தால், அந்தச் சகோதரியின் திருமணப் பணம் தப்பியிருக்கக்கூடும்.

அன்பு இளைஞர்களே,

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகை பற்றியதன்று. கடனை எழுதி வைப்பது பற்றியது (2:282). எழுதுபவர், சாட்சிகள், தவணை அனைத்தையும் அது கூறுகிறது. சிறு தொகைதானே என்று எழுதாமல் விடுவதையும் அது விரும்பவில்லை. ஆகவே, எழுத்தைக் கேட்பது சந்தேகப்படுவதாகாது. அது இபாதத்தின் ஒரு பகுதி. "நம்ம ஆள்தானே" என்ற சொல்லுக்கு முன்னால் வெட்கப்பட்டு நிற்காதீர்கள்.

பணம் எந்தத் தொழிலில் போகிறது? கணக்கை யார் பார்க்கிறார்கள்? நஷ்டம் வந்தால் யார் தாங்குவது? திரும்பக் கேட்டால் எந்தச் சொத்திலிருந்து கொடுப்பார்கள்? இந்நான்கிற்கும் எழுத்தில் விடை இல்லையெனில் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. விரைந்த லாபத்தின் மீதான ஆசை பெரும்பாலும் விரைந்த கடனிலிருந்தே பிறக்கிறது. தவணையில் வாங்கிய கைப்பேசி, செயலியில் பெற்ற கடன், தகுதிக்கு மீறிய திருமணச் செலவு ஆகியவை கழுத்தை நெரிக்கும்போதுதான் "மாதம் மூவாயிரம்" இனிக்கிறது. வரவையும் செலவையும் எழுதுங்கள். சில மாதச் செலவுக்கான தொகையைத் தனியே வையுங்கள். சேமிப்பு முழுவதையும் ஒருவரிடமே ஒப்படைக்காதீர்கள்.

எம் மாணவருக்கு இம்முறை நாம் அந்த நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினோம். மூன்று நாட்கள் கழித்து வந்தார். "எழுதியெல்லாம் தர முடியாது, நம்பினால் போடு என்று சொல்லிவிட்டார்கள், உஸ்தாத்" என்றார். அவர் பணம் இன்னும் அவரிடமே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். முன்னவருக்கு நாம் பட்ட கடன் மட்டும் தீரவில்லை. அவருக்காக துஆச் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பில் பரக்கத்தையும், எங்கள் கணக்கில் நேர்மையையும், நாங்கள் சொல்லும் பதிலில் அச்சத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன்.