உறையில்லாத சிப்: ரேடார் தற்சார்பும் செங்கல்பட்டு வட்டாரமும்

மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கத்தை ஒட்டி, பாறையின் மேல் ஒலக்கணேசுவரர் கோயில் நிற்கிறது. இன்றைய கோபுரம் எழும்பும் முன், 1887-இல் கப்பல்களுக்கு விளக்கேற்றியது அந்தப் பல்லவர் கோயிலின் உச்சியில்தான். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியக் கலங்கரை விளக்கங்களுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. கடலோரக் காவல்படைக்காகப் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் (நம் ஊரில் 'பெல்' என்றதும் நினைவுக்கு வரும் திருச்சி ஆலை அல்ல, பெங்களூரில் 1954-இல் பிறந்தது) முதற்கட்டமாக 46 இடங்களில், விளக்கங்களின் மீதும் தனிக் கோபுரங்களிலும், ரேடார்களை நிறுவியது. இணைப்பும் கட்டுப்பாட்டு அறைகளும் நம்மவர் கைவேலை. கடலைப் பார்த்த ரேடார் டென்மார்க்கின் டெர்மா நிறுவனத்தினுடையது.

குறை சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. அவசரத்துக்கு வாங்கியது சரியான முடிவே. ஆனால் 'உள்நாட்டு ரேடார்' என்று நாம் சொல்லும்போது அதில் எந்த அடுக்கு உள்நாட்டினது என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பொது விவாதம் இந்தக் கேள்வியை நானோமீட்டர் கணக்காகச் சுருக்கிவிட்டது. தைவான் 3 நானோமீட்டரைத் தாண்டிவிட்டது, நாம் எங்கே என்கிறார்கள். ரேடாரைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் பொருந்தாத ஒப்பீடு. இன்றைய ரேடாரின் முகப்பில் பல நூறு சிறு அலகுகள் வரிசையாக அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கும். அதன் உயிர்நாடியான பெருக்கி சிலிக்கனால் ஆனதன்று. முன்பு கேலியம் ஆர்சனைடு, இப்போது கேலியம் நைட்ரைடு. அங்கே முக்கியம் வரிகளின் நுண்மையன்று. எவ்வளவு சூட்டைத் தாங்கி எத்தனை வாட் தள்ளும் என்பதுதான். ஐதராபாத்தில் கேலியம் ஆர்சனைடு சிப்களுக்கென்றே ஓர் ஆலை பாதுகாப்புத் துறையிடம் நெடுநாளாக இருக்கிறது. 2024 நவம்பரில் டெல்லியின் திடநிலை இயற்பியல் ஆய்வகம் 4 அங்குலச் சிலிக்கன் கார்பைடு வேஃபர் தட்டையும், 150 வாட் வரை தரும் கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரையும் உள்நாட்டு முறையில் செய்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆய்வகத்தில் கைகூடிவிட்டது என்பதே இதன் பொருள். தொழிலாகக் கூடவில்லை.

ஏன் கூடவில்லை? மொகாலி செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸை எல்லோரும் சுட்டுவார்கள். 1984-இல் 5 மைக்ரான் நுட்பத்தில் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 1989 பிப்ரவரியில் எரிந்தது. அத்துடன் நம் வாய்ப்பும் எரிந்தது என்பது வழக்கமான கதை. நான் இதை முழுதும் ஏற்பதில்லை. எரிந்த ஆலையை மீண்டும் எழுப்பிவிடலாம், எழுப்பினார்கள். ஆண்டுதோறும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல ஆள் இல்லாததுதான் பெரிய இழப்பு. பாதுகாப்புத் துறைக்குத் தேவைப்படும் சிப்கள் ஆயிரக்கணக்கில்தான், கோடிக்கணக்கில் அல்ல. ஆனால் ரேடார் 30 ஆண்டு உழைக்கும், அத்தனை காலமும் அதே சிப் வேண்டும். சந்தை இந்தக் கணக்கைத் தானாகத் தாங்காது.

இதற்கு எதிர்ச்சான்று இதே வட்டாரத்தின் கல்பாக்கத்திலேயே இருக்கிறது. பிரான்சின் ராப்சோடி உலையை முன்மாதிரியாகக் கொண்ட வேக ஈனுலைக்கு, 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கவில்லை. புளுட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடை எரிபொருளாக்கி 1985 அக்டோபரில் உலையை இயக்கினார்கள். தடை வந்ததால் திறமை பிறந்தது என்று இதைப் பாடப்புத்தகமாக்குகிறோம். உண்மையில் எரிபொருளைச் செய்தவரும் அதை வாங்கியவரும் ஒரே அணுசக்தித் துறை. மொகாலிக்கு அந்த வசதி இல்லை.

எதிரிப் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்று காட்டும் ரேடார் விஷயத்திலும் இதுவே நடந்தது. 1998 அணுச்சோதனைக்குப் பின் வந்த தடைகளால் அமெரிக்க ரேடார் கிட்டாமல், 1999 கார்கில் போரில் அது இல்லாத குறை உறைத்தது. ஆகாஷ் ஏவுகணைக்கான ராஜேந்திரா ரேடார், சண்டிப்பூரில் பக்கத்துத் தளத்திலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டுகளையும் தொடர்ந்து பிடிப்பதைப் பொறியாளர்கள் கவனித்திருந்தார்கள். அதிலிருந்து ஸ்வாதி என்ற உள்நாட்டு ரேடார் பிறந்தது. 2020-இல் ஆர்மீனியா அதை வாங்கியது. வாங்கியே தீரவேண்டிய ராணுவம் ஒன்று பின்னால் நின்றதால் இந்தக் கண்டுபிடிப்பு ஆவணக் கோப்போடு முடியவில்லை.

செங்கல்பட்டு வட்டாரத்துக்கு இதில் என்ன இடம்? மறைமலைநகரில் ஸ்பெல் செமிகண்டக்டர் இருக்கிறது. 1984-இல் ஸ்பிக் குழுமத்திலிருந்து கிளைத்த இது, சிப்களை உறையிட்டுச் சோதிக்கும் இந்தியாவின் முதல் நிறுவனமாக அறியப்படுவது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். உறையிடல் என்றால் அட்டைப்பெட்டியில் போடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள தங்கக் கம்பியைச் சிப்பின் விளிம்பில் ஒவ்வொரு முனையாக ஒட்டி, பிறகு மூடி, சூட்டிலும் குளிரிலும் வாட்டிச் சோதிக்கும் வேலை அது. கைப்பேசிச் சிப்புக்குப் பிளாஸ்டிக் மூடி போதும். உப்புக்காற்றில் 30 ஆண்டு நிற்கவேண்டிய சிப்புக்கு, ஈரம் புகாத பீங்கான் உறை வேண்டும். மாமல்லபுரம் கடற்கரையில் ஜன்னல் கம்பிகள் துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஐஐடி மெட்ராஸ் இஸ்ரோவுக்காக வடிவமைத்து 2025-இல் இயக்கிக்காட்டிய ஐரிஸ் சிப்பின் பயணம் உறையிடலில் இந்த வட்டாரத்துக்குள்ள இடைவெளியை நன்றாகக் காட்டும். வடிவமைத்தது சென்னையில், 180 நானோமீட்டரில் வார்த்தது மொகாலியில், உறையிட்டது கர்நாடகத்தில், சுற்றுப்பலகை செய்தது குஜராத்தில், கடைசியில் பொருத்தியது மீண்டும் சென்னையில். எல்லாம் உள்நாட்டிலேயே என்பது பெருமைதான். வடிவமைப்பும் பொருத்துதலும் இருக்கும் ஊரிலிருந்து நடுவேலை மட்டும் வெளியே போனதைத்தான் நான் சுட்டுகிறேன். தரமணியில் சமீர் மின்காந்த மையம் இருக்கிறது. மின்னணுப் போர்க் கருவிகளுக்கான சோதனை மையத்தைப் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தலைமையில் தமிழகத்தில் அமைக்க 2024 ஜூலையில் ஒப்பந்தமும் ஆயிற்று. வேலைக்கான கைகளும் இங்கேயே உண்டு. கருங்குழி நிறுத்தத்தில் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருக்கும் டிப்ளமோ இளைஞர்கள் ஜிஎஸ்டி சாலையில் வடக்கே போய்க் கார் உதிரிபாகங்களைப் பொருத்திவிட்டுத் திரும்புகிறார்கள். நுண்ணோக்கியின் கீழ் தங்கக் கம்பி ஒட்டுவதற்கு வேண்டிய கைநிதானம் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு.

பணக்கணக்கும் இதையே சொல்கிறது. குஜராத்தின் தோலேராவில் எழும் டாடா சிப் வார்ப்பு ஆலையின் மதிப்பு 91,000 கோடி ரூபாய். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் செமிகண்டக்டர் இயக்கத்துக்கு ஒதுக்கியது 500 கோடி. அதைக்கொண்டு வார்ப்பு ஆலை கனவுகூடக் காணமுடியாது. ரேடார் அலகுகளுக்கான பீங்கான் உறையிடல் வரிசை ஒன்றைத் தொடங்கலாம். சீனா 2023 ஆகஸ்டில் கேலியம் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு மூலப்பொருளும் தனிக்கவலையாகிவிட்டது; அலுமினா சுத்திகரிப்பில் துணைவிளைபொருளாகக் கிடைக்கும் அந்த உலோகத்தைப் பிரித்தெடுப்பது வேறொரு கட்டுரைக்குரியது. இங்கே முதலில் எழுதவேண்டியது மானிய உத்தரவு அல்ல: இத்தனை ஆயிரம் அலகுகளை, இத்தனை ஆண்டுகளுக்கு, இந்த வட்டாரத்தில் உறையிட்டு வாங்குவோம் என்று பாதுகாப்பு அமைச்சகம் கையெழுத்திடும் கொள்முதல் ஆணை.