தோணி எவ்வளவு பெரிசு?

வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ சிறுகதையை வாசிக்கிற பலர் ஒரு சொல்லைச் சும்மா தாண்டிப் போய்விடுவார்கள். அது தலைப்பிலேயே இருக்கிறது. தூத்துக்குடிக்காரர் ஒருவரிடம் தோணி என்று சொன்னால், அவர் கண்ணுக்கு முன்னால் வருவது சரக்கேற்றிக் கடல் கடக்கும் பெரிய பாய்க்கப்பல். எங்கட கொட்டியாரக் குடாவில் தோணி அதுவல்ல. கரையிலிருந்து ஓரிரண்டு பேர் தள்ளி இறக்கி மீன்பிடிக்கப் போகிற சின்னச் சாமான்.

இது அகராதிச் சண்டை இல்லை. கதைசொல்லியின் குணமே இந்தச் சொல்லில்தான் நிற்கிறது. மீனவக் குடும்பத்துப் பொடியன். தனக்கென்று சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகிறான். தூத்துக்குடித் தோணியை நினைத்து வாசித்தால் அவன் பணக்காரனாக ஆசைப்படுகிறவன். மூதூர்த் தோணியை நினைத்து வாசித்தால், உழைக்கத் தேவையான ஆகக் குறைந்த பொருளைக் கேட்கிறவன். அதுகூட இல்லை. கனகம் மீது அவன் வைத்த ஆசையும் அந்த இல்லாமையில்தான் போய் முட்டுகிறது. அவனை ஏழை என்று ஆசிரியர் தனியாக விபரிக்கவே தேவையில்லை.

வ. அ. (1925–2001) மூதூரில் பிறந்தவர், ஆசிரியராக வேலை பார்த்தவர். ‘தோணி’ தொகுப்பு 1962இல் வந்தது. சாகித்திய மண்டலப் பரிசும் வாங்கியது. சம்பூர் அவருடைய ஊருக்குப் பக்கத்து ஊர், அதே குடாக்கரை. அதனால்தான் இந்தக் கதையை வைத்துக்கொண்டு சம்பூரின் வரலாற்றுக்குள் போகலாம் என்று நினைத்தேன். அங்கேயும் சொந்தம் என்பதுதான் பிரச்சினை. அங்கேயும் ஒரு சொல் ஆட்களின் குணத்தை மாற்றிவிடுகிறது.

2006 ஏப்ரல் இறுதியில் விமானத் தாக்குதலும் ஷெல்லடியும் தொடங்க, சம்பூர்ச் சனம் வெளிக்கிட்டது. செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. 2007இல் அது அதியுயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. பிறகு இந்தியாவோடு சேர்ந்து அனல்மின் நிலையம் கட்டுகிற திட்டம், முதலீட்டு வலயம், கடற்படை முகாம். கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் சனம் வருசக்கணக்காகக் கிடந்தது. உறுதி கையில், காணி கம்பிவேலிக்குள். 2015இல்தான் 818 ஏக்கரை விடுவிக்கிற அறிவிப்பு வந்தது. கடற்படை இருந்த காணிக்கு அடுத்த வருசம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அனல்மின் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது.

இதற்கு அரச கடிதங்கள் வைத்த பெயர் ‘மீள்குடியேற்றம்’. செய்திகளும் அதையே எழுதின, நாங்களும் எழுதுகிறோம். ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் ‘குடியேற்றம்’ என்ற சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. கந்தளாய், அல்லை என்று அரசாங்கம் காணி பிரித்துக் கொடுத்து வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து இருத்தியதைத்தான் இங்கே குடியேற்றம் என்பார்கள். அதே சொல்லுக்கு முன்னால் ‘மீள்’ போட்டவுடனே, பாட்டன் வெட்டின கிணற்றடிக்குத் திரும்புகிற மனிசியும் அரசாங்கம் தந்ததை வாங்கிக்கொள்கிற பயனாளியாக மாறிவிடுகிறா. சனம் அப்படிச் சொல்வதில்லை. ‘ஊருக்குப் போறம்’ என்பார்கள், அவ்வளவுதான்.

சம்பூரை வைத்துச் சிறுகதை எழுதுகிற நண்பர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பாத்திரத்தின் வாயில் ‘எங்களை மீள்குடியேற்றினார்கள்’ என்று போட்டால், அந்த ஆள் கிராம சேவகர் மாதிரிப் பேசுகிறார். விண்ணப்பப் படிவம் நிரப்புகிற காட்சி என்றால் அது சரி. அடுப்படியில் அந்தச் சொல் வந்தால் பிழை.

ஒரு பாத்திரத்துக்கு மட்டும் என்னிடம் சொல் இல்லை. 2006இல் முகாமில் பிறந்த பிள்ளை. காணி விடுபடும்போது அதற்கு ஒன்பது வயது. உறவுகள் எல்லாம் ‘திரும்பிப் போறம்’ என்று மூட்டை கட்டும்போது, ஒருநாளும் பார்க்காத ஊருக்குத் ‘திரும்பி’ என்ற சொல்லை அது சொல்லுமா?