கூகைக்கட்டும் நீரிழிவும்

கன்னம் வீங்கிச் சில நாட்களில் வடிந்துவிடும் கூகைக்கட்டை மக்கள் கொடிய நோயாகக் கருதியதில்லை. ஆயினும், 1864ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு மருத்துவர் ஸ்டாங் என்பார், கூகைக்கட்டுக்குப் பின் நீரிழிவுக்கு ஆளான ஒருவரைப் பற்றி எழுதிவைத்தார். இன்சுலின் மனிதருக்கு முதன்முதல் ஏற்றப்பட்டது 1922இலேயே; அதற்கு முன் பிள்ளைகளுக்கு வந்த நீரிழிவு பெரும்பாலும் உயிரைக் குடித்தே தீர்ந்தது.

ஒரு நோயாளியின் கதையைக் கொண்டு முடிவு கூறலாகாது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததாகவும் இருக்கலாமன்றோ? 1927இல் அதே நாட்டவரான குண்டெர்சன், கூகைக்கட்டு பரவிய காலங்களையும் நீரிழிவால் இளையோர் இறந்த காலங்களையும் ஒப்பிட்டார். முன்னது பரவிச் சில ஆண்டுகளில் பின்னது பெருகக் கண்டு, நீரிழிவு தொற்றினால் விளைவதோ என வினவினார்.

அவ்வினாவை ஆராய, வைரசை இனங்காணும் கருவிகள் வேண்டியிருந்தன. 1948இல் அமெரிக்காவின் கொக்ஸாக்கி என்னும் ஊரிலே புதிய வைரசு இனமொன்று கண்டறியப்பட்டது. 1969இல் பிரித்தானிய ஆய்வாளர், அண்மையில் நீரிழிவு கண்டோரின் குருதியில் அவ்வினத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மிகுந்திருக்கக் கண்டனர். 1979இல், நீரிழிவால் இறந்த பத்து வயதுச் சிறுவனின் சதையியிலிருந்து அவ்வைரசைப் பிரித்து எலிகளுக்கு ஏற்றியபோது, அவற்றுக்கும் நீரிழிவு தோன்றியது.

எனினும் வழக்கு முடியவில்லை. இவ்வைரசு தொற்றும் பிள்ளைகள் பலர். நீரிழிவு அடைவோர் மிகச் சிலர். அச்சிலரிடத்தும், இன்சுலின் சுரக்கும் கலங்களை உடலின் காவற்படையே அழிக்கின்றது. அவ்வழிவு நோய்க்குறி தோன்றுமுன்னரே தொடங்கிவிடுகின்றது. பரம்பரை இயல்பும் வைரசும் கூடியே இவ்விபரீதத்தை விளைக்கின்றன என்பதே பல அறிஞர் கருத்து.

2015இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், புதிதாக நோய் கண்ட ஆறு பேரின் சதையியிலும் இத்தகைய வைரசின் அடையாளம் தென்பட்டது. சதையியை அறுத்துச் சிறு துண்டு எடுத்தமையால் சிலருக்குத் தீங்கு நேர்ந்ததால், ஆய்வு அவ்வாறு பேருடன் நிறுத்தப்பட்டது. 2023இல் வெளியான மற்றோர் ஆய்வில், புதிதாக நோயுற்ற பிள்ளைகளுக்கு ஆறு மாதம் வைரசு எதிர்மருந்து கொடுக்கப்பட்டது. மருந்து பெறாதோரிலும் பார்க்க அவர்களிடம் இன்சுலின் சுரக்கும் ஆற்றல் ஓராண்டின் பின்னும் கூடுதலாக எஞ்சியிருந்தது. நோய் நீங்கவில்லை, அதன் வேகமே தணிந்தது.

கூகைக்கட்டின்மேல் விழுந்த ஐயம் இன்னும் நிரூபணமாகவில்லை. ஆயின், ஒரு நோயாளியின் கதையைத் தள்ளிவிடாது ஸ்டாங் எழுதிவைத்த அந்தக் குறிப்பு, ஒன்றரை நூற்றாண்டின் பின் அவர் நாட்டுப் பிள்ளைகளுக்கே புதியதொரு வழியைத் தேடித் தந்தது.