கையொப்பமும் கைவிலங்கும்

அமெரிக்க நாட்டுத் தென் கரோலினாவிலே, 1994ஆம் ஆண்டு, வாஃபிள் ஹவுஸ் எனும் நிறுவனத்தின் உணவு விடுதியொன்றில் அடுப்படிப் பணிக்கு ஒருவர் சேர்ந்தார். 16 நாள் கழித்து, பணியிடத்திலேயே அவருக்கு வலிப்புக் கண்டது. சின்னாட்களில் சீட்டுக் கிழிந்தது. அவருடைய நன்மைக்கும் பாதுகாப்புக்கும், நிறுவனத்தின் நன்மைக்கும், அவர் இனி வேலை செய்யாதிருத்தலே நலம் என்று காரணம் எழுதிற்று நிறுவனம். என்னே பரிவு! நம் ஊரிலாயின் பேய் என்பர், முன்வினை என்பர், வேப்பிலை தேடுவர். அங்கே மந்திரமில்லை, மரியாதையான கடிதம் உண்டு. வயிறு காய்வது மட்டும் இரண்டிடத்தும் ஒன்றுதான்.

சட்டம் இல்லையோ எனில், உண்டு. சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி, வாஷிங்டன் நாடாளுமன்றப் படிகளிலே மாற்றுத்திறனாளிகள் தவழ்ந்து ஏறினரே, அந்த 1990 மார்ச்சை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டு ஜூலை 26இல் குடியரசுத் தலைவர் புஷ் ஒப்பமிட்ட சட்டம், தகுதியுடையாரை உடற்குறை காட்டி ஒதுக்கலாகாது என்றது. முறையிட்டவரைப் பழிவாங்கலாகாது என்றும் கூறிற்று.

பின் குறுக்கே நின்றது எது? விண்ணப்பத் தாள்! வேலை தொடர்பான பூசல் எதுவாயினும் நடுவர் முன்னரே தீர்த்துக்கொள்வதாக அதிலே ஒப்புதல் இருந்தது. ஒப்பமிட்டாரன்றோ என்பர். வேலை கேட்டு நிற்பவன் மறுத்தால் வேலை ஏது?

இதற்கு அரணாகக் காட்டப்படும் நடுவர் சட்டம் 1925இல், பெரிதும் வணிகர் பூசல்களைத் தீர்க்கப் பிறந்தது. கடலோடிகள், இருப்புப்பாதைத் தொழிலாளர், மாநிலங்களிடை வாணிபத்தில் ஈடுபட்ட ஏனைத் தொழிலாளர் ஆகியோரின் வேலை ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாதென முதற்பிரிவே விலக்கிற்று. 2001இல், சர்க்யூட் சிட்டி வழக்கிலே, உச்சநீதிமன்றம் 'ஏனைத் தொழிலாளர்' எனின் போக்குவரத்துத் தொழிலாளர் மட்டுமே என்று பொருள் கண்டது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒரு வாக்கு, கடைச் சிப்பந்தியையும் சமையற்காரனையும் வேலிக்கு வெளியே தள்ளிற்று.

வலிப்புக் கண்டவருக்காக, அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்காடிற்று. தொழிலாளியின் கையொப்பம் ஆணையத்தையும் கட்டும் என வாதிட்டது நிறுவனம். 2002 ஜனவரி 15இல் ஒன்பதின்மருள் அறுவர் அதனை மறுத்தனர்: ஆணையம் எத்தாளிலும் ஒப்பமிடவில்லை, அது வழக்காடலாம், தொழிலாளிக்கு நட்ட ஈடும் கோரலாம் என்றனர். நல்ல தீர்ப்பே. ஆயின் ஆணையம் தானே நீதிமன்றம் கொண்டு செல்லும் முறையீடுகள் மிகச் சில. ஏனையோரை அவரவர் கையொப்பமே கட்டி வைத்திருக்கிறது.

2022 மார்ச்சில் அந்நாட்டுச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. பாலியல் கொடுமைக்கும் தொல்லைக்கும் ஆளானவர், நடுவர் ஒப்பந்தத்தை ஒதுக்கி நீதிமன்றம் ஏகலாம் என்றாயிற்று. வாய்மூடியிருந்த பெண்கள் பேசத் துணிந்ததால் வந்தது அது. உடற்குறை காட்டி விலக்கப்பட்டவரை அச்சட்டம் குறிப்பிடவில்லை.