கீழண்டை, மேலண்டை

காஞ்சிபுரம் பக்கத்தில் பாலாற்றங்கரையிலுள்ள பழையசீவரத்தில் ஒரு காணி கைமாறினால் எழுதப்படும் கிரயப் பத்திரத்தில், சர்வே எண்ணோடு நான்கெல்லையும் வரும். இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, இன்னார் மனைக்குத் தெற்கு, இதன் மத்தியில் இத்தனை சென்ட். சர்வே எண்ணும் வரைபடமும் வந்து நூறாண்டுக்கு மேலாகியும் இந்த வரிகளை விட்டுவிட யாருக்கும் துணிவில்லை. பத்திரம் எழுதுபவர்களின் பழக்கதோஷம் என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வட்டாரத்தில் ஓர் இடத்தைக் கேட்கவும் சொல்லவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் முறை அந்த வரிகளில் உயிரோடு இருக்கிறது.

சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகளால் பேர் பெற்ற ஊர். அங்குள்ள மற்றக் கல்வெட்டுகளில் நிலக்கொடைகளைப் படித்தால் வேறொரு வியப்பு காத்திருக்கிறது. இந்த வதிக்கு மேற்கு, இந்த வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாம் கண்ணாற்று மூன்றாம் சதுரம் என்ற பாங்கில் நிலத்தின் இடம் குறிக்கப்படுகிறது. வதி என்பது பாதை. கண்ணாறு என்பது கிளை வாய்க்கால். வதிகளும் வாய்க்கால்களும் குறுக்கும் நெடுக்குமாக ஓட, இடைப்பட்ட கட்டங்களுக்கு எண் வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்த ஒரு பாதை, பெயர் தெரிந்த ஒரு நீர், திசை, பிறகு எண்ணிக்கை. இவ்வளவு போதும், ஊருக்குப் புதிதாக வந்தவரும் அந்த வயலின் வரப்பில் போய் நின்றுவிடலாம்.

ஸ்பானிய மொழி பேசும் அமெரிக்க நாடுகளில் வழி கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய இதே அச்சில் இருக்கிறது. ‘இரண்டு குவாத்ரா போங்கள்’ என்பார்கள். குவாத்ரா என்றால் இரு தெருமுனைகளுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம். சதுரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் 1573இல் பிறப்பித்த ஆணை, புது ஊர்களை நடுச்சதுக்கத்திலிருந்து கயிறும் அளவுகோலும் கொண்டு வகுக்கச் சொன்னது. அதற்கு முன்பே எழுந்த பல ஊர்களும் கட்டம் கட்டமாகத்தான் அமைந்தன. நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் இது இன்னும் தெளிவு. தெருப்பெயரும் கதவு எண்ணும் அங்கே அதிகம் புழங்குவதில்லை. தெரிந்த ஓர் அடையாளத்தைச் சொல்லி, அங்கிருந்து ‘இரண்டு குவாத்ரா ஏரிப்பக்கம், ஒரு குவாத்ரா மேலே’ என்பார்கள். ஏரிப்பக்கம் என்றால் வடக்கு. மேலே என்றால் சூரியன் ஏறும் கிழக்கு.

உத்திரமேரூர்க் கட்டங்கள் வயலுக்கானவை, மனாகுவாவின் கட்டங்கள் தெருவுக்கானவை, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். குவாத்ராவும் பல நாடுகளில் நில அளவையாக இருந்த சொல்தான். நம் ஊரிலோ வாய்க்கால் கரைதான் நடக்கும் வழி. இன்னொரு கேள்வி கடினமானது: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை வெட்டுவித்த ஊர்ச் சபையோரின் ஆவண மொழியை ஊர்மக்களின் பேச்சு என்று எப்படிச் சொல்ல முடியும்? கண்ணாறும் சதுரமும் எல்லா ஊருக்கும் உரியவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரசாணையால் வகுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலமான, அதாவது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரான உத்திரமேரூருக்குத்தான் எண்ணிக்கை தேவைப்பட்டது. குன்றின் மேல் நரசிம்மர் கோயிலும் காலடியில் பாலாறும் எதிர்க்கரையில் திருமுக்கூடலும் இருக்கும் பழையசீவரத்துக்கு அடையாளங்களே போதும். ஆனால் திசையால் இடம் சொல்வது இரு ஊருக்கும் பொது. ‘கோயிலுக்குக் கீழண்டை, ஏரிக்கு மேலண்டை’ என்று செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் பேசுவதற்கு எந்தச் சபையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சொற்களுக்குள்ளேயே நிலம் இருக்கிறது. மேற்கே உயர்ந்து கிழக்கே கடலுக்குச் சரியும் நாட்டில், மேல் மேற்காயிற்று, கீழ் கிழக்காயிற்று. பாலாறும் அப்படித்தான் இறங்குகிறது. இது வெறும் ஊகம் என்பவர்கள் மலையாளத்தைப் பார்க்கட்டும். மலை கிழக்கே இருந்தும் அந்தத் திசைக்கு அங்கேயும் கிழக்கு என்றுதான் பெயர்; மேற்குக்கு மட்டும் ஞாயிறு படிவதைச் சொல்லும் படிஞ்ஞாறு என்ற பெயர். மலைக்கு இப்பால் பிறந்த சொல் கணவாய் வழியே அங்கே போயிருக்க வேண்டும். மனாகுவாக்காரர் வழி சொன்னால் நம்மூர் விவசாயிக்கு ஏரிப்பக்கம் உடனே விளங்கும். ‘மேலே’ என்றதும் அவர் நேர் எதிர்த்திசையில், மேற்கே நடப்பார். அவர் காலுக்குத் தெரிந்த சரிவு அது.

1972 டிசம்பர் நிலநடுக்கத்தில் மனாகுவாவின் நடுப்பகுதி இடிந்தது. இடிந்துபோன கட்டடங்களை வைத்தே, ‘இன்னது இருந்த இடத்திலிருந்து’ என்று அங்கே வழி சொல்லும் வழக்கம் தொடர்ந்தது. நம் பக்கத்தில் நிலநடுக்கம் இல்லாமலே வாய்க்கால்கள் தூர்ந்து மனைப்பிரிவுகளாகின்றன. பத்திரத்தில் ‘வாய்க்காலுக்கு வடக்கு’ என்ற வரி அப்படியே படியெடுக்கப்படுகிறது. அந்த வாய்க்காலின் பெயரையும் அது ஓடிய தடத்தையும் அறிந்த முதியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். கேட்டு எழுதிவைக்க இதுவே நேரம்.