குடிமராமத்து: பொறுப்பும் அதிகாரமும் பிரிந்த வரலாறு

ஏரி, கண்மாய், வாய்க்கால் ஆகியவற்றின் கரையை உயர்த்துதல், தூர் வாருதல், மதகைச் செப்பனிடுதல் முதலிய வேலைகளைப் பாசனம் பெறும் குடிகளே தம் உழைப்பால் செய்துகொள்ளும் வழக்கம் குடிமராமத்து எனப்படும். தமிழகத்தில் குடிமைப் பொறுப்பின் பழைய வடிவங்களுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது. எனினும் இதன் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், ஊராரின் நல்லெண்ணம் மட்டுமே இவ்வழக்கத்தைத் தாங்கவில்லை என்பதும், நீரின் மீதும் விளைச்சலின் மீதும் ஊர் அமைப்புகளுக்கு இருந்த அதிகாரமே அதற்கு அடிப்படையாக அமைந்தது என்பதும் புலனாகும்.

முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதற்குத் தெளிவான சான்று. பிராமணர் ஊராகிய அதன் சபை, குடவோலை முறையில், அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையில், வாரியங்கள் எனப்பட்ட நிர்வாகக் குழுக்களைத் தேர்ந்தது. அவற்றுள் ஏரி வாரியம் ஆறு பேரைக் கொண்டிருந்தது. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவரே உறுப்பினராகலாம். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஏரிப் பராமரிப்புக்கென நிலமும் பொன்னும் கொடையளிக்கப்பட்ட செய்திகளைச் சோழர்காலக் கல்வெட்டுகள் பலவற்றில் காணலாம். ஆகவே பொறுப்பு, அதிகாரம், நிதி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இருந்தன. ஆனால் அவ்விடத்தில் நிலமற்றோருக்கு இடமில்லை.

பிற்காலத்திலும் இவ்வேற்றுமை நீடித்தது. மடை திறந்து நீரைப் பங்கிட்ட நீர்க்கட்டி அல்லது மடையர், களத்துமேட்டில் விளைச்சலிலிருந்து குறிப்பிட்ட பங்கைப் பெற்றார். பல ஊர்களில் இப்பணி ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் விடப்பட்டிருந்தது. முடிவெடுக்கும் உரிமை நிலவுடைமையாளரிடமே நின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வமைப்பு உள்ளிருந்தே தளர்ந்தது. விளைச்சலில் பொதுப்பணிகளுக்கென ஒதுக்கப்பட்டுவந்த பங்குகள் பல அரசு வருவாய்க்குள் சென்றன. குடியானவர் ஒவ்வொருவரோடும் அரசு தனித்தனியே வரித்தீர்வை செய்துகொண்ட ரயத்துவாரி முறை, ஊரைக் கூட்டாக நடத்தும் தேவையைக் குறைத்தது. பெரிய மராமத்து அரசின் கடமை, சிறு வேலைகள் குடிகளின் கடமை என்ற பிரிவினை நிலைபெற்றபின், குடிகள் அதை நிறைவேற்றாததைக் கண்ட அரசு 1858-இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தை இயற்றியது. வழக்கமாகத் தர வேண்டிய உழைப்பைத் தராதவரிடம் தண்டத்தொகை வசூலிக்க அது வழிசெய்தது. வருவாயைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கடமையை மட்டும் குடிகளிடம் விட்ட அச்சட்டம், நடைமுறையில் பெரிதும் பயன்படவில்லை.

மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை முன்வைத்து, தன்னாட்சியுடைய பழங்காலக் கிராமம் என்னும் கருத்தையே ஐயுறுகிறது. அங்கே கண்மாய்ப் பராமரிப்பு, பாளையக்காரர்களின் கொடை, கோயில் மரியாதை, சாதி மேலாண்மை ஆகியவற்றோடு பிணைந்திருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். குடிமராமத்தைத் தூய தன்னார்வமாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதை இது உறுதிசெய்கிறது.

விடுதலைக்குப்பின் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டத்தால் (1948) ஜமீன் ஏரிகளும் அரசின்கீழ் வந்தன. நாற்பது ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, கொண்ட ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், ஏனையவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. மின்மோட்டார்க் கிணறுகள் பெருகியபோது, வசதிபடைத்த விவசாயிகளுக்கு ஏரியின்மீது இருந்த அக்கறையும் குறைந்தது.

இதற்கு மாற்றாக, 1992-இல் மதுரை வட்டாரத்தில் தொடங்கிய வயலகம் திட்டம் பாசன விவசாயிகளைச் சங்கங்களாக ஒருங்கிணைத்தது. 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குச் சட்டத்தகுதி அளித்தது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே தொடங்கிய திட்டம், செலவில் பத்து விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ விவசாயிகள் ஏற்க வேண்டுமென வகுத்தது. பங்களிப்பு இதனால் மீண்டது. ஆனால் நீர்ப்பங்கீடு, மீன் குத்தகை, கரை மரங்கள் ஆகியவற்றின் வருவாய்மீது சங்கத்துக்கு உரிமை இல்லாத ஊரில், ஒருமுறை தூர் வாரியபின் அச்சங்கம் இயங்குவதற்குக் காரணம் எதுவும் எஞ்சாது. அவ்வுரிமை வழங்கப்படும்போது நிலமற்றோரும் பெண்களும் அதில் பங்குபெறாவிடில், பத்தாம் நூற்றாண்டுச் சபையின் குறையே புதிய சட்ட வடிவில் தொடரும்.