தோல்வி காணாத கோஷ்டியும் வாராத அழைப்பும்

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைக்கும் ஆட்டத்தில் பந்தின் மீது கால் படுவது அரிது. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, மறிப்போரை ஊடறுத்து, எதிராளியின் எல்லைக்கோட்டைக் கடந்து ஓடுவதே அதன் சாரம். இலங்கையிலே றகர் என்று வழங்கும் ஆட்டத்திற்கு அது நெருங்கிய உறவு. அந்நாட்டின் சர்வகலாசாலைகள் இலையுதிர் காலந்தோறும் இவ்வாட்டத்தில் ஒன்றையொன்று எதிர்க்கும். பருவம் முடிந்ததும், ஆண்டுப் பிறப்பையொட்டி, சிறந்த கோஷ்டிகள் மட்டும் சில பெரு நகரங்களுக்கு அழைக்கப்பெறும். ‘பௌல்’ ஆட்டங்கள் எனப்படும் இவற்றிற்கு அழைப்புப் பெறுவது பெருமை மட்டுமன்று. கல்லூரியின் பணப்பெட்டியை நிரப்பும் வழியுமாகும்.

1951ஆம் ஆண்டில் ஒரு கோஷ்டி தான் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. அதற்கு அழைப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதே இவ்வரலாறு.

சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலை யேசு சபைக் குருமார் 1855இல் நிறுவியது. செல்வம் மிக்க நிறுவனமன்று. அதற்குச் சொந்தமான பெரிய மைதானம் இல்லாமையால் கோஷ்டி நகரத்தின் கேசார் மைதானத்தில் ஆடிற்று. 1946 முதல் அதே மைதானத்தில் ஊதியம் பெறும் வீரரைக் கொண்ட ‘போட்டி நைனர்ஸ்’ கோஷ்டியும் ஆடத் தொடங்கியது. பணங்கொடுத்துப் பார்க்கும் மக்கள் அப்பக்கம் சாய்ந்தனர். கல்லூரி ஆட்டங்களின் வருவாய் தேய்ந்தது. இந்நிலையில் பயிற்சியாளர் ஜோ கூகாரிச் திரட்டிய இளைஞரின் திறமை அக்கல்லூரியின் நிலைக்குச் சற்றும் பொருந்தாத அளவு பெரிதாயிருந்தது.

ஜினோ மார்செட்டி என்பவர் உலக மகாயுத்தத்தில், பதினெட்டு வயதில், பெல்ஜியத்துப் பனியிலே இயந்திரத் துப்பாக்கி ஏந்தி நின்றவர். அத்தகையவருக்குப் பயிற்சியாளரின் அதட்டல் எம்மாத்திரம்! பொப் சென் கிளயர் ஆறடி ஒன்பது அங்குல உயரமுடையவர். இவர்களோடு ஒல்லி மற்சன், பேர்ள் ரோலர் என்ற இரு கறுப்பின இளைஞர்களும் ஆடினர். மற்சன் ரெக்சாஸ் மாநிலத்திலும் ரோலர் ரெனெசியின் மெம்பிஸ் நகரிலும் பிறந்தவர்கள். ஆக, இருவருமே தென்னாட்டுப் பிள்ளைகள். நிறம் பார்த்து இருக்கை ஒதுக்கும் வழக்கத்தை அவர்கள் ஏட்டிற் படித்து அறிய வேண்டியதில்லை.

பருவம் தொடங்கியது. சான் ஹொசே கல்லூரி 39க்கு 2 என்ற கணக்கில் வீழ்ந்தது. ஐடஹோ சர்வகலாசாலை, கடற்படை வீரரின் கோஷ்டிகள், சாந்தா கிளாரா ஆகியனவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஒக்ரோபர் மாதத்தில் நியூயோர்க் சென்று போர்டம் சர்வகலாசாலையை எதிர்த்த ஆட்டமே கடினமானது. அங்கே மற்சன், எதிர்க்கோஷ்டி உதைத்தனுப்பிய பந்தைத் தம் எல்லையருகே ஏந்தி, மைதானத்தின் மறுகோடி வரை தனியே ஓடி முடித்தார், ஒருமுறையன்று, இருமுறை. முடிவு 32க்கு 26. நவெம்பரில் பசிபிக் கல்லூரியை 47க்கு 14 என வென்றனர். பசடேனா நகரின் றோஸ் பௌல் மைதானத்தில் லொயோலாவை 20க்கு 2 என வென்று பருவத்தை நிறைவு செய்தனர். ஒன்பது ஆட்டங்களிலும் பெற்ற புள்ளிகள் 286; விட்டுக்கொடுத்தவை 72. மற்சன் பந்தோடு ஓடிய தூரம் 1,566 யார். அவ்வாண்டு நாடு முழுவதிலும் அவரை மிஞ்சியவர் இலர்.

அழைப்பை எதிர்பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் முக்கியமான பௌல் ஆட்டங்கள் பல தென் மாநிலங்களிலே நடைபெற்றன. மயாமியில் ஒறேஞ்ச் பௌல், நியூ ஓர்லியன்சில் சுகர் பௌல், ஜக்சன்வில்லில் கேற்றர் பௌல். அங்கே வெள்ளையரோடு கறுப்பின வீரர் ஒரே மைதானத்தில் இறங்குவதைப் பலர் பொறுக்கவில்லை. அதே ஒக்ரோபரில் ஒக்லகோமா மாநிலத்தில், டிறேக் சர்வகலாசாலையின் கறுப்பின வீரர் ஜொனி பிறைற், பந்து கையில் இல்லாதபோதே தாக்கப்பட்டுத் தாடை முறிந்தார். அதனைப் படம் பிடித்த பத்திரிகையாளர் இருவருக்குப் பின்னர் புலிற்சர் பரிசு கிடைத்தது. தாக்கியவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை.

பருவ முடிவில் கூகாரிச்சின் காதுக்கு ஒரு சொல் எட்டியது. மற்சனையும் ரோலரையும் ஊரில் விட்டு வருவதாயின் அழைப்புக் கிடைக்கும் என்பதே அது. பயிற்சியாளர் அதனைக் கோஷ்டியிடம் தெரிவித்தார். இருவரும் இன்றி ஆடுவதில்லை என்று மற்றையோர் மறுத்துவிட்டனர். நெடுநேர விவாதம் ஒன்றும் நிகழவில்லை என்றே அவர்கள் முதுமையிலும் நினைவு கூர்ந்தனர்.

எதிர்த்து ஆடிய கோஷ்டிகள் வலிமை குன்றியவை என்றும் அன்று ஒரு காரணம் பேசப்பட்டது. அதில் ஓரளவு உண்மை உண்டு. பத்திரிகையாளரின் தரவரிசையில் சான் பிரான்சிஸ்கோ பதினான்காம் இடத்தையே பெற்றது. ஆயினும், அவர்களிடம் 47க்கு 14 எனத் தோற்ற பசிபிக் கல்லூரிக்கே ரெக்சாசின் சன் பௌல் ஆட்டத்திற்கு அழைப்புப் போயிற்று என்பதை நோக்கும்போது, அக்காரணம் நிற்க இடமின்றித் தள்ளாடுகிறது.

பௌல் ஆட்டம் தரக்கூடிய பணமும் வாராதொழிந்தது. கடன் சுமையால் சர்வகலாசாலை அப்பருவத்தோடு இவ்வாட்டத்தையே நிறுத்திவிட்டது. தோல்வியறியாத கோஷ்டி, வென்ற கையோடு கலைந்தது. அயலிலிருந்த சென் மேரிஸ், சாந்தா கிளாரா ஆகிய கத்தோலிக்கக் கல்லூரிகளும் அவ்வாண்டுகளில் இதே வழியிற் சென்றன.

கலைந்தவர் வாடிவிடவில்லை. மற்சன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும் அஞ்சலோட்டத்தில் வெள்ளியும் பெற்றார். அவரும் மார்செட்டியும் 1972இலும், சென் கிளயர் 1990இலும் தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். கோஷ்டியின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவந்த பீற் ரொசெல் என்ற இளைஞர் 1960இல் தேசிய லீக்கின் ஆணையாளரானார். அதற்கு முந்திய ஆண்டிலே, லொஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டியின் முகாமையாளராயிருந்த அவர், ஒரு மற்சனைப் பெற ஒன்பது பேரை ஈடாகக் கொடுத்தார். பழைய நட்புக்கு இவ்வளவு விலையா என்று கேட்டோரும் இருந்திருக்கலாம்.

ரோலரின் பாதை வேறு. 1952இல் சிக்காகோவில் ஆடிய ஓர் ஆட்டத்தில் முழங்கால் சிதைந்தது. தொழில்முறை ஆட்டம் அவருக்கு இல்லையென்றாயிற்று. சான் பிரான்சிஸ்கோவில் ஆசிரியரானார். பின்னர் பாடசாலை அதிபரானார். 1965இல், ரொசெல் ஆணையாளராயிருந்த காலத்தில், தேசிய லீக்கின் முதற் கறுப்பின நடுவராக நியமனம் பெற்றார். 1980 ஜனவரியில் அந்த லீக்கின் இறுதிப் பேராட்டத்தில் நடுவர் குழுவில் நின்ற முதற் கறுப்பினத்தவரும் அவரே. அவ்வாட்டம் நடைபெற்றது பசடேனாவின் றோஸ் பௌல் மைதானத்தில். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் லொயோலாவை வென்று அவருடைய கோஷ்டி கடைசியாக ஆடிய அதே புற்றரையில்.